காலநிலை மாற்றத்தைப் படிக்க எந்தத் துறைக்குப் போவது?

காலநிலை மாற்றத்தைப் பற்றி முறையாகப் படிக்க ஆசைப்படும் ஒருவர் முதலில் முட்டிக்கொள்வது இந்தக் கேள்வியில்தான்: எந்தத் துறையில் சேர்வது? இயற்பியல் என்பார் ஒருவர், புவியியல் என்பார் இன்னொருவர், பொருளாதாரம் படித்தால்தான் ஏதாவது நகரும் என்பார் மூன்றாமவர். மூவர் சொல்வதும் சரிதான். ஆனால் ‘எல்லாத் துறைகளும் சேர்ந்து ஆராய வேண்டிய விஷயம்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனால் புதிதாக வருகிறவருக்கு ஒன்றும் விளங்காது. எந்தத் துறை எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறது, அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு அடுத்த துறை என்ன செய்கிறது, கைமாறும் இடத்தில் என்ன சிக்கல் வருகிறது என்று பார்த்தால்தான் பிடிபடும். என்னைக் கேட்டால், இந்தப் படிப்பின் சுவாரசியமே அந்தக் கைமாறும் இடங்களில்தான் இருக்கிறது.

முதலில் அடிப்படை. இன்று மழை பெய்யுமா என்பது வானிலை. ஓர் இடத்தில் எவ்வளவு மழை, எவ்வளவு வெயில் என்பது வழக்கம் என்று 30 ஆண்டுச் சராசரியை வைத்துச் சொல்வது காலநிலை. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சம் பங்குக்குச் சுமார் 280 பங்கு கார்பன் டை ஆக்சைடு இருந்தது. இப்போது அது 420-ஐத் தாண்டிவிட்டது. 1850–1900 காலத்தோடு ஒப்பிட்டால் 2011–2020 பத்தாண்டில் பூமியின் சராசரி வெப்பநிலை சுமார் 1.1 டிகிரி செல்சியஸ் கூடியிருந்தது. இந்த மூன்று எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும், மேலே போகலாம்.

இந்தப் படிப்பு பிறந்த கதையைப் பார்த்தாலே துறைகள் எப்படிக் கலந்து கிடக்கின்றன என்று தெரியும். 1824-ல் பூமியின் வெப்பக் கணக்கை ஆராய்ந்து, வெப்பம் வெளியேறுவதை வளிமண்டலம் தடுக்கிறது என்ற கருத்தை முன்வைத்த ஜோசப் ஃபூரியே ஒரு கணிதவியலாளர். 1856-ல் கண்ணாடி உருளைகளில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்து, கார்பன் டை ஆக்சைடு இருந்த உருளைதான் அதிகம் சூடேறியது என்று கண்டவர் யூனிஸ் ஃபுட். அமெரிக்காவில் பெண்ணுரிமை இயக்கத்தில் இருந்த அவருக்கு எந்த ஆய்வகப் பதவியும் கிடையாது. மூன்று ஆண்டுகள் கழித்து ஜான் டின்டால் என்ற இயற்பியலாளர், எந்த வாயு வெப்பக் கதிரை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று கருவி வைத்தே அளந்தார்.

1896-ல் ஸ்வீடனைச் சேர்ந்த வேதியியலாளர் ஸ்வாந்தே அரீனியஸ், காற்றில் கார்பன் டை ஆக்சைடு இரட்டிப்பானால் பூமி 5, 6 டிகிரி சூடாகும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டே சொன்னார். இன்றைய மதிப்பீடு சுமார் 3 டிகிரி. கணினி என்ற ஒன்றே இல்லாத காலத்துக்கு அது மோசமில்லை. அவர் கவலைப்பட்டது எதிர்கால வெப்பத்தைப் பற்றி அல்ல. பனியுகங்கள் ஏன் வந்து போயின என்ற நிலவியல் கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருந்தார். பூமியில் கார்பன் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்ற தகவலை அவருக்குத் தந்தவர் ஆர்விட் ஹோக்பாம் என்ற நிலவியலாளர். அப்புறம் 1938-ல், உலகின் பல வானிலை நிலையங்களின் பதிவேடுகளைச் சேகரித்து, பூமி உண்மையாகவே சூடாகி வருகிறது என்று காட்டிய கை காலண்டர் ஒரு நீராவிப் பொறியாளர். வானிலை வல்லுநர்கள் அவர் பேச்சை அவ்வளவாக நம்பவில்லை. இவர்களில் ஒருவர்கூடக் காலநிலை விஞ்ஞானி என்ற பெயரில் சம்பளம் வாங்கியவர் இல்லை. அப்படி ஒரு வேலையே அப்போது கிடையாது.

சரி, காற்றில் கார்பன் கூடியிருக்கிறது. அது மனிதர்கள் எரித்த நிலக்கரியிலிருந்தும் எண்ணெயிலிருந்தும்தான் வந்தது என்று எப்படிச் சொல்வது? கடலிலிருந்து வந்திருக்கக் கூடாதா? இந்தக் கேள்விக்கு வானிலை ஆய்வாளரிடம் பதில் இல்லை. பதில் வந்தது பழம்பொருள்களின் வயதைக் கணிக்கப் பயன்படும் கார்பன்-14 முறையிலிருந்து. கார்பன்-14 வளிமண்டலத்தின் மேற்பகுதியில் உருவாகி, சுமார் 5,700 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் வயது கோடிக்கணக்கான ஆண்டுகள் என்பதால் அவற்றில் கார்பன்-14 மிச்சமே இருக்காது. ஆகவே அவற்றை எரித்தால் காற்றிலுள்ள கார்பன்-14-ன் பங்கு நீர்த்துப்போக வேண்டும். 1950-களில் வேதியியலாளர் ஹான்ஸ் சூஸ் மரக்கட்டைகளைச் சோதித்து அப்படித்தான் நீர்த்திருக்கிறது என்று காட்டினார். சாட்சி சொன்னது மரம், அதை விசாரித்தது அணுவேதியியல்.

சூரியன்தான் காரணமாக இருக்கக் கூடாதா என்பது அடுத்த கேள்வி. இதற்கு இயற்பியல் பதில் சொன்னது. 1967-ல் சியுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் கணினியில் வளிமண்டலத்தின் எளிய மாதிரி ஒன்றை ஓட்டிப் பார்த்தார்கள். கார்பன் டை ஆக்சைடு கூடினால் தரையை ஒட்டிய காற்று சூடாகிறது. உயரே ஸ்ட்ராடோஸ்பியர் என்ற வளிமண்டல அடுக்கு குளிர்கிறது. சூரியன் காரணமாக இருந்தால் மேலும் கீழும் சேர்ந்தே சூடாகியிருக்கும். பிற்பாடு பலூன்களும் செயற்கைக்கோள்களும் அளந்தபோது கீழே சூடும் மேலே குளிர்ச்சியும்தான் தெரிந்தன. மனாபேவுக்கு 2021-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி எனக்கு மிகப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்: வாளி. ஆமாம், தண்ணீர் மொள்ளும் வாளிதான்.

பூமியின் மேற்பரப்பில் 70 சதவீதத்துக்கு மேல் கடல். அதனால் பூமியின் சராசரி வெப்பநிலை என்று எதைச் சொன்னாலும் அதில் பெரும்பங்கு கடல் நீரின் வெப்பநிலைதான். பழைய காலத்தில் அதை அளந்தவர்கள் கப்பல் மாலுமிகள். கயிறு கட்டிய வாளியைக் கடலில் இறக்கி, நீரை மேல்தளத்துக்குத் தூக்கி, வெப்பமானியை உள்ளே விட்டுப் பார்த்து, கப்பல் குறிப்பேட்டில் எழுதி வைப்பார்கள். மரவாளி என்றால் நீரின் சூடு பெரிதாக மாறாது. கித்தான் துணியில் தைத்த வாளி என்றால் ஈரம் ஆவியாகி, வெப்பமானியைப் பார்ப்பதற்குள் நீர் சற்றுக் குளிர்ந்துவிடும். பிற்காலத்தில் எஞ்சினைக் குளிர்விக்க உள்ளே இழுக்கும் கடல் நீரை அளக்கும் வழக்கம் வந்தது. அங்கே எஞ்சின் அறையின் சூடு சேர்ந்து, அளவு கொஞ்சம் கூடுதலாகக் காட்டும்.

இப்போது 1945-க்கு வாருங்கள். அந்த ஆண்டின் பிற்பகுதியில் உலகக் கடலின் வெப்பநிலை சட்டென்று சுமார் 0.3 டிகிரி விழுந்ததாகப் பழைய வரைபடங்கள் காட்டின. நிலத்தில் எடுத்த அளவுகளில் அப்படி ஒரு வீழ்ச்சி இல்லை. எரிமலை வெடிப்பா, கடல் நீரோட்டமா என்று இயற்கையில் காரணம் தேடினால் எதுவும் பொருந்தாது. காரணம் போரில் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் பிந்தைய ஆண்டுகளில் கிடைத்த கடல் பதிவுகளில் பெரும்பாலானவை அமெரிக்கக் கப்பல்களுடையவை. அவர்கள் எஞ்சின் நீரை அளந்தவர்கள். போர் முடிந்ததும் பிரிட்டிஷ் கப்பல்களின் பதிவுகள் பெருமளவில் வந்து சேர்ந்தன. அவர்கள் வாளிக்காரர்கள். கடல் குளிரவில்லை, அளக்கும் கைதான் மாறியது. 2008-ல் வெளியான ஓர் ஆய்வு இதை எடுத்துக்காட்டியது.

இதைத் திருத்த வேண்டுமென்றால் எந்த நாட்டுக் கப்பல், எந்தக் காலத்தில், எந்த மாதிரி வாளி, தளத்தில் எத்தனை நிமிடம் வைத்தார்கள் என்றெல்லாம் தெரிந்தாக வேண்டும். ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து பழைய கடற்படை விதிமுறைகளைப் புரட்டுகிற வேலை அது. வெப்ப இயக்கவியல் சமன்பாட்டுக்கும் கப்பல் வரலாற்றுக்கும் இவ்வளவு நெருங்கிய உறவு இருக்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்! விஞ்ஞானிகள் எண்களைத் திருத்தி வெப்பத்தை ஊதிப் பெருக்குகிறார்கள் என்று ஒரு குற்றச்சாட்டு அவ்வப்போது கிளம்பும். கடல் விஷயத்தில் நடந்தது நேர்மாறு. பழைய வாளி அளவுகளை மேலே ஏற்றித் திருத்தியபோது, நெடுங்காலத்து வெப்ப உயர்வு திருத்தாத கணக்கைவிடக் கொஞ்சம் குறைந்தது.

வெப்பமானிக்கு முந்தைய காலத்தை அறிய வேறு ஆட்கள் வேண்டும். அன்டார்க்டிகாவில் துளையிட்டு எடுத்த பனித்தண்டுகளில் பழங்காலக் காற்று குமிழிகளாக அடைபட்டுக் கிடக்கிறது. அண்டார்க்டிகப் பயணத்தின்போது விஸ்கியில் போட்ட பனிக்கட்டி உருகிக் குமிழி விட்டதைப் பார்த்துத்தான் பிரெஞ்சுப் பனியியலாளர் கிளாட் லோரியஸுக்கு, அந்தக் காற்றைச் சோதித்தால் என்ன என்று தோன்றியதாம். அந்த வழியில் போய் இன்று 8 லட்சம் ஆண்டுகளின் காற்று தொடர்ச்சியாகக் கையில் இருக்கிறது. அத்தனை காலத்திலும் கார்பன் டை ஆக்சைடு சுமார் 180-க்கும் 300-க்கும் இடையில்தான் ஏறி இறங்கியது.

வரலாற்றாசிரியர்களின் பங்கு இன்னொரு விதம். ஜப்பானின் கியோட்டோவில் செர்ரி மரங்கள் எப்போது முழுதாய்ப் பூத்தன என்ற குறிப்பு 9-ஆம் நூற்றாண்டிலிருந்து பிரபுக்களின், துறவிகளின் நாட்குறிப்புகளில் கிடைக்கிறது. பிரான்சின் போன் நகரில் திராட்சை அறுவடை தொடங்கிய நாட்கள் 1354-லிருந்து தொகுக்கப்பட்டுள்ளன. பூவும் திராட்சையும் வசந்தமும் கோடையும் எவ்வளவு சூடாக இருந்தன என்பதற்குக் கணக்குப்பிள்ளைகள். கியோட்டோவில் 2021 மார்ச் 26-ல் மலர்ச்சி உச்சத்தை எட்டியது. அதற்கு முந்தைய 1,200 ஆண்டுப் பதிவில் அவ்வளவு சீக்கிரம் பூத்ததில்லை. இந்த வேலைக்குப் பழைய கையெழுத்தைப் படிக்கத் தெரிய வேண்டும், பழைய நாட்காட்டியை இன்றைய தேதிக்கு மாற்றத் தெரிய வேண்டும். தேதியில் பத்து நாள் பிசகினால் காலநிலையும் பிசகிவிடும்.

உயிரினங்களைப் பற்றி ஒரே ஓர் ஆய்வை மட்டும் சொல்கிறேன், அதை எழுதியவர்களுக்காக. 2003-ல் 1,700-க்கும் மேற்பட்ட உயிரினங்களின் தரவுகளைத் தொகுத்து, அவற்றின் வாழிடம் பத்தாண்டுக்குச் சராசரியாக 6.1 கிலோமீட்டர் துருவங்களை நோக்கி நகர்கிறது என்று காட்டியவர்கள் கமீல் பார்மெசானும் கேரி யோஹேவும். ஒருவர் உயிரியலாளர், மற்றவர் பொருளாதார வல்லுநர். எதைச் சான்று என்று ஏற்பது என்பதில் இரு துறைகளுக்கும் ஒத்துப்போவதில்லை. உயிரியலாளர் சின்னச் சின்ன மாற்றங்கள் ஒரே திசையில் திரள்கின்றனவா என்று பார்க்கிறார். பொருளாதார வல்லுநரோ, பாதிப்பில் எவ்வளவு பங்கு காலநிலையால் வந்தது, மற்ற காரணங்களோடு ஒப்பிட்டால் அது பெரிதா என்று கேட்கிறார். அந்த வேறுபாட்டை மறைக்காமல் கட்டுரைக்குள்ளேயே பேசியிருக்கிறார்கள். பல்துறை ஆய்வு என்ற பெயரில் வருகிற பல கட்டுரைகளில் இந்த நேர்மையைக் காண முடிவதில்லை.

இதுவரை பார்த்தது எல்லாம் பூமியும் காற்றும் பூவும். மனிதர்கள் பக்கம் வந்தால் கேள்வியின் தன்மையே மாறிவிடுகிறது.

1995 ஜூலையில் சிகாகோ நகரை ஒரு கடும் வெப்ப அலை தாக்கியது. 41 டிகிரி வரை போனது. வழக்கத்தைவிட 700-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். எந்தெந்தப் பகுதியில் எத்தனை பேர் என்று எரிக் கிளினன்பெர்க் என்ற சமூகவியலாளர் ஆராய்ந்தபோது விசித்திரமான ஒன்று தெரிந்தது. நார்த் லான்டேல், சவுத் லான்டேல் என்று அருகருகே இரண்டு பகுதிகள். இரண்டிலும் ஏழைகள் அதிகம். தனியாக வாழும் முதியோரும் இரண்டிலும் இருந்தார்கள். வெயிலும் ஒன்றேதான். ஆனால் நார்த் லான்டேலில் லட்சம் பேருக்கு 40 பேர் இறந்திருக்க, சவுத் லான்டேலில் 4 பேருக்கும் குறைவு.

வெப்பமானியை வைத்துக்கொண்டு இதை விளக்கவே முடியாது. கிளினன்பெர்க் தெருத்தெருவாகப் போய்ப் பார்த்தார். நார்த் லான்டேலில் தொழிற்சாலைகள் மூடி, கடைகள் போய், மக்கள் வெளியேறி, காலி மனைகளும் பாழடைந்த வீடுகளும் மிஞ்சியிருந்தன. குற்றங்களுக்குப் பயந்து முதியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடந்தார்கள். சவுத் லான்டேலில் தெரு நிறையக் கடைகள், நாள் முழுக்க ஆள் நடமாட்டம். அங்கே ஒரு முதியவரால் வீட்டைவிட்டு இறங்கிக் குளிரூட்டிய கடைக்குள் போய் நிற்க முடிந்தது. பிரேதப் பரிசோதனை அறிக்கையில் எல்லாருக்கும் ஒரே காரணம், வெப்பம். யார் செத்தார்கள், யார் பிழைத்தார்கள் என்பதைப் பெரிதும் தீர்மானித்தது தெரு.

வானிலை ஆய்வாளர் இன்னும் நுட்பமான மாதிரியைக் கட்டிச் சிகாகோவின் வெப்பநிலையைத் துல்லியமாக முன்கூட்டிச் சொல்லியிருந்தாலும் இந்த வேறுபாடு அதில் தெரிந்திருக்காது. உலகளாவிய கணினி மாதிரிகள் பூமியைச் சுமார் 100 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுவது வழக்கம். ஒரு கட்டத்துக்குள் முழு நகரமும் அடங்கிவிடும். சமூகவியலாளருக்கோ தெருமுனைக்குத் தெருமுனை விஷயம் வேறு. இரண்டு துறையாரும் பேசத் தொடங்கும்போது வரும் முதல் தகராறு பெரும்பாலும் இந்த அளவைப் பற்றியதுதான்.

பொருளாதாரத்தில் தகராறு காலத்தைப் பற்றியது. நூறு ஆண்டு கழித்து வரப்போகும் 1,000 கோடி டாலர் இழப்பைத் தவிர்க்க இன்று எவ்வளவு செலவழிக்கலாம்? எதிர்காலப் பணத்தை ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று கழித்து இன்றைய மதிப்பாக்குவது பொருளாதாரத்தின் வழக்கம். இந்தக் கழிவு வீதம் 1.4 சதவீதம் என்றால் இன்றைய மதிப்பு சுமார் 250 கோடி. 5 சதவீதம் என்றால் 8 கோடிகூடத் தேறாது. 2006-ல் பிரிட்டிஷ் அரசுக்காக நிக்கோலஸ் ஸ்டெர்ன் தயாரித்த அறிக்கை 1.4 சதவீதத்தை ஒட்டிய வீதத்தை எடுத்துக்கொண்டு, உடனே பெரிய அளவில் செலவழிக்க வேண்டும் என்றது. பிற்பாடு 2018-ல் பொருளாதார நோபல் பெற்ற வில்லியம் நார்ட்ஹவுஸ், சந்தையில் பணம் ஈட்டும் வருமானத்தை ஒட்டி வீதம் இதைவிட நன்றாகவே உயர்வாக இருக்க வேண்டும் என்று வாதிட்டார். அவர் கணக்கு, படிப்படியாகப் போனால் போதும் என்றது.

இருவரும் பயன்படுத்திய இயற்பியல் கிட்டத்தட்ட ஒன்றுதான். முடிவைப் புரட்டிப் போட்டது அந்த ஒற்றை எண். இன்னும் பிறக்காத ஒருவரின் நலனை நம் நலனுக்குச் சமமாக எண்ணுவதா, கொஞ்சம் குறைத்து எண்ணுவதா என்பது அதற்குள் ஒளிந்திருக்கிறது. இது நீதி பற்றிய கேள்வி, தத்துவத்தின் பழைய கேள்வி. கணக்குப் புத்தகத்தின் ஒரு மூலையில் சதவீதமாக உட்கார்ந்திருப்பதால் பலர் கண்ணில் படுவதில்லை. காலநிலைப் பொருளாதாரம் படிக்கப் போகிறவர்கள் ஒழுக்கவியலையும் கொஞ்சம் படித்துவிட்டுப் போவது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

இத்தனை துறைகளின் விடைகளையும் ஒரே மேசையில் வைக்கும் வேலையைச் செய்வது ஐ.பி.சி.சி. எனப்படும் அரசுகளுக்கு இடையிலான காலநிலை மாற்றக் குழு. 1988-ல் உலக வானிலை அமைப்பும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்து தொடங்கியது. இது தானாக ஆய்வு செய்யாது. வெளிவந்த ஆய்வுகளைப் படித்து மதிப்பிடும். முதல் பணிக்குழு இயற்பியல் அடிப்படையையும், இரண்டாவது பாதிப்புகளையும், மூன்றாவது கார்பன் டை ஆக்சைடு போன்ற வாயுக்களின் உமிழ்வைக் குறைக்கும் வழிகளையும் பார்க்கிறது. 2021-ல் வந்த முதல் பணிக்குழு அறிக்கையை 234 பேர் எழுதினார்கள். 14,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சுட்டினார்கள்.

மூன்று குழுக்களையும் இணைப்பவை, மக்கள்தொகையும் வருமானமும் எரிசக்தியும் எப்படி வளரலாம் என்று முன்கூட்டி எழுதிய எதிர்காலக் கதைகள். அவற்றிலிருந்து உமிழ்வைக் கணக்கிட்டு இயற்பியலாளரிடம் தருகிறார்கள். அவர் தரும் வெப்பமும் மழையும் வேளாண், மருத்துவ, உயிரியல் ஆய்வாளர்களிடம் போகின்றன. கேட்க நேர்த்தியாக இருக்கிறது. ஆனால் ஒரு ஓட்டை உண்டு. இப்போது பரவலாகப் பயன்படும் கதைகளில், காலநிலை மாற்றத்தால் பொருளாதாரத்துக்கு வரும் அடி சேர்க்கப்படவில்லை. உலகம் நான்கு டிகிரி சூடான பிறகும் வருமானம் மட்டும் போட்ட கணக்குப்படியே வளர்ந்துகொண்டிருக்கும்! இது எழுதியவர்களுக்குத் தெரியாததல்ல. பாதிப்பைத் தனியாகக் கணக்கிட வசதியாக வேண்டுமென்றேதான் அப்படி வைத்தார்கள். பின்னால் எடுத்துப் பயன்படுத்துகிற வேறு துறைக்காரர் அந்த அடிக்குறிப்பைப் படித்திருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

சரி, புதிதாகத் தொடங்குகிறவர் என்ன செய்யலாம்? ஏதாவது ஒரு துறையில் ஆழமாகக் காலூன்றுங்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவரைவிட, ஒரு வேலையை ஒழுங்காகச் செய்யத் தெரிந்து, பக்கத்துத் துறையின் கட்டுரையைச் சந்தேகத்தோடு படிக்கத் தெரிந்தவர்தான் குழுக்களில் உபயோகப்படுகிறார். அந்தப் பழக்கம் வருவதற்கு ஒரு வழி, ஒரே ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு அதற்குள் எத்தனை துறைகள் இருக்கின்றன என்று பிரித்துப் பார்ப்பது.

‘கடல் மட்டம் உயர்கிறது’ என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். 1901-லிருந்து 2018-க்குள் உலகச் சராசரி சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. நீர் சூடானால் விரியும், அது இயற்பியல். நிலத்துப் பனி உருகி வந்து சேரும், அது பனியியல். எவ்வளவு பனி குறைந்தது என்று பூமியின் ஈர்ப்பு விசையில் வரும் நுண்ணிய மாற்றத்தை வைத்தே கிரேஸ் செயற்கைக்கோள்கள் 2002 முதல் கணக்கிட்டன. அதோடு ஒரு வேடிக்கையும் உண்டு: கிரீன்லாந்தின் பனி உருகினால் கிரீன்லாந்தை ஒட்டிய கடல் மட்டம் இறங்கும். அந்தப் பெரும் பனித்திணிவு தன்பக்கம் இழுத்து வைத்திருந்த நீர், இழுவை குறைந்ததும் தூரத்துக் கடற்கரைகளுக்குப் போய்விடுகிறது.

ஜகார்த்தா போன்ற நகரங்களில் கடல் ஏறுவதைவிட நிலம் வேகமாக இறங்குகிறது, காரணம் பெரும்பாலும் நிலத்தடி நீரை உறிஞ்சுவது. அங்கே நிலவியலாளரோடு குழாய் நீர் வழங்கும் நகராட்சிப் பொறியாளரையும் கேட்டாக வேண்டும். சுவர் கட்டுவதா, ஊரை இடம் மாற்றுவதா, மாற்றினால் மீனவர்கள் எங்கே போவார்கள் என்பது மானுடவியலுக்கும் அரசியலுக்கும் உரியது.

தீவு நாடு ஒன்றின் கரை கரைந்தே போனால் அதன் கடல் எல்லையை எங்கிருந்து அளப்பது? காலநிலை விஷயத்தில் நாடுகளுக்கு என்ன கடமை என்ற பெரிய கேள்வியோடு சேர்ந்து இதுவும் சர்வதேச நீதிமன்றம் வரை போனது. அந்தப் பெரிய கேள்வியைக் கிளப்பிவிட்டவர்கள் தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர்கள். பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவின் அரசு அதை ஐ.நா. சபைக்கு எடுத்துச் சென்றது. ஒருமுறை முறைப்படி வரைந்த எல்லைக் கோட்டைக் கடல் உயர்ந்ததற்காக மாற்றி வரைய வேண்டிய கட்டாயம் நாடுகளுக்கு இல்லை என்று 2025 ஜூலையில் அந்த நீதிமன்றம் ஆலோசனைக் கருத்து வழங்கியது. நிலம் மறைந்துவிட்டால் நாடு என்ற தகுதியும் தானாகவே போய்விடும் என்று கொள்ளத் தேவையில்லை என்றும் சொன்னது. பனித்தண்டும் வாளியும் ஈர்ப்பு விசையும் தந்த எண்கள் இப்போது நீதிமன்றம் வரை வந்துவிட்டன.